மணியக்காவுக்கு அந்தக் கிரகத்தில் என்ன வேலை?

எங்கள் விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாது. குழாய்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. அவை பாட்டுக்குக் கெட்டுப்போகும், பிளம்பர் வந்தாக வேண்டும். மின்விசிறி நின்றால் எலக்ட்ரீஷியன், கட்டில் கால் உடைந்தால் தச்சர். வருகிறவர் நேராக மேலே ஏறிவிட முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையிலிருந்து மணியக்கா பித்தளைக் கைமணியோடு வருவாள். கொண்டையை ஒருமுறை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவாள். "பின்னாடியே வா. என் கொண்டையைப் பார்த்து நட. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்புன, அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல" என்பாள். பிறகு மணியை ஆட்டியபடி, "ஆள் வருது, ஆள் வருது" என்று ஒவ்வொரு மாடியாக ஏறுவாள்.

சத்தம் கேட்டதும் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். துணி காயப்போட்டுக்கொண்டிருப்பவள் துணியோடு ஓடுவாள். பல் தேய்த்துக்கொண்டிருப்பவள் நுரையோடு ஓடுவாள். மணியக்கா நின்றால் ஆளும் நிற்க வேண்டும், நடந்தால் நடக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே வரிசையில் இறக்கிக் கொண்டுபோய் வாசலில் விடுவாள். எங்கள் வட்டாரத்துப் பிளம்பர்களிடம் இந்த விடுதி உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டால், மணியக்காவின் கொண்டையை வர்ணிப்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் பெயரில் மணி கிடையாது. கையில் இருப்பது பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால், "அது எதுக்கு இப்ப, எனக்கு என்ன தபாலா வரப்போகுது" என்று போய்விடுவாள். விடுதியில் யாருக்குமே சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் பல்லு. பக்கத்து அறை நர்ஸை நர்ஸ் என்றும், மேல் மாடி வக்கீலை வக்கீல் என்றும் கூப்பிடுகிறோம். என் அறையில் இருப்பவள் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க விபத்துகளைப் படிக்கிறாள். அவளுக்கு விபத்து என்றுதான் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கதை எழுத ஆரம்பித்துவிட்டாள், அதுவும் வேற்றுக் கிரகத்துக் கதை. அதிலிருந்து அவள் கிரகம்.

மணியக்காவின் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதைப் பற்றியதுதான். படிக்கு அடியில் இருப்பதால் அதன் கூரை சரிவாக இறங்கும். வாசலும் தாழ்வு. குனியாமல் நுழைந்தவர் யாருக்கும் நெற்றி தப்பியதில்லை. உள்ளே ஒரே ஒரு மூலையில் நிமிர்ந்து நிற்கலாம், அங்கே கண்ணாடி மாட்டியிருந்தாள். மிச்ச இடத்தில் பாய், தகரப் பெட்டி, விடுதிக்கே பொதுவான இஸ்திரிப் பெட்டி, சுவரில் மெயின் ஸ்விட்ச். இந்த அறை சம்பளத்தோடு சேர்ந்தது. வேலை இருக்கும்வரை அறை, வேலை போனால் அறையும் போகும்.

அந்தக் கதவுக்கு அவள் வந்தபோது தாழ்ப்பாள் இல்லையாம். முதல் சம்பளத்தில் ஒரு தாழ்ப்பாள் வாங்கியிருக்கிறாள். தச்சர் வந்தார். விதி விதிதான் என்று, தன் அறைக்குத் தானே மணி அடித்துக்கொண்டு அவரை அழைத்துப் போயிருக்கிறாள். எச்சரிக்க உள்ளே ஒரு ஈ கூட இல்லை. "அப்பவும் அடிச்சேன். கேக்க நல்லா இருந்துச்சு" என்று பின்னாளில் எங்களிடம் சொன்னாள்.

அதற்கு முன் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நடையில் படுக்கை. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் விளக்கைப் போட்டு, அவளைத் தாண்டிப் போய், தாண்டி வந்து, விளக்கை அணைக்க மறந்துவிடுவார்கள். அதற்கும் முன்னால் கல்யாணமாகிக் கணவர் வீட்டில் இருந்தாள். "அந்த வீட்டுல எனக்குத் தனி ரூம் உண்டு. கதவும் உண்டு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்" என்று ஒருமுறை நர்ஸிடம் சொன்னாள். அவர் இப்போது எங்கே என்று நர்ஸ் கேட்டதற்கு, "எங்கயோ நல்லாத்தான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கிரகம் அந்த வாரம் எழுதியதைப் படிப்பாள். துணி காயும் வரைக்கும் எல்லோரும் எப்படியும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால் அவளுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். மணியக்கா தொட்டியின் குழாய்ப் பக்கம் உட்காருவாள், மணியை மடியில் வைத்துக்கொண்டு.

கதை இதுதான். தூரத்தில் ஒரு கிரகம். அங்கே பெண்கள் மட்டும்தான். ஆண்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கிரகம் முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாள். வால்நட்சத்திரம் பார்க்கக் கூட்டமாகக் கிளம்பிப் போனவர்கள், போன இடத்தில் அரசியல் பேச உட்கார்ந்து, திரும்பும் கப்பலைத் தவறவிட்டார்கள். யாரும் தேடிப் போகவில்லை. எங்களில் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவும் இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் கேட்டோம்.

"பிள்ளை எப்படிப் பொறக்கும்?" என்றாள் நர்ஸ்.

"ஆய்வகத்துல."

"அங்க ராத்திரி டூட்டி யாரு?"

கிரகம் அதை யோசித்திருக்கவில்லை. மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள் என்றாள். "அப்படித்தான் எங்க ஆஸ்பத்திரியிலயும் சொல்லி வேலைக்குச் சேர்த்தாங்க" என்றாள் நர்ஸ்.

"சொத்து யார் பேர்ல?" என்றாள் வக்கீல்.

"எல்லாம் பொது."

"சண்டையே வராதா?"

"வராது."

"அப்ப என்னை எதுக்குடி கூட்டிட்டுப் போற?"

நான் என் பங்குக்கு, அங்கே வயதானவர்களுக்குப் பல் விழுமா என்று கேட்டேன். விழும் என்றாள். எனக்கு அது போதும். எந்தக் கிரகமானால் என்ன, பல் விழுந்தால் பிழைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் மணியக்கா வாயைத் திறந்தாள். "அந்த ஊர்ல எனக்கு என்ன வேலை?"

"உங்களுக்கு வேலையே வேண்டாம்க்கா" என்றாள் கிரகம், பெரிய பரிசு கொடுக்கிற முகத்தோடு. "அங்க ஆம்பளையே இல்ல. யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம். மணிக்கே தேவை இல்ல."

"சரி" என்றாள் மணியக்கா. மடியிலிருந்த மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள். அன்று கதை முடியும்வரை விடவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்டாள். கிரகம் தயாராக வந்திருந்தாள். விண்கப்பல் வந்து இறங்கும்போது மணி அடிக்கலாம் என்றாள். "அதுக்கு ஹாரன் போதும்" என்றாள் மணியக்கா. அதற்கடுத்த வாரம் சாப்பாட்டு மணி. "அது பள்ளிக்கூட வேலை." பிறகு கிரகம் ரொம்ப யோசித்து ஒரு அருங்காட்சியகம் கட்டினாள். பழைய உலகத்தில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட, கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை மணி. பக்கத்தில் நின்று குழந்தைகளுக்கு அதை விளக்குகிற ஒரு மூதாட்டி. படித்து முடித்துவிட்டு ஆவலோடு நிமிர்ந்தாள்.

"அப்ப எனக்கு வயசாயிடுச்சு, மணியைப் பூட்டி வெச்சுட்டாங்க" என்றாள் மணியக்கா.

"அப்படியில்லக்கா..."

"பரவால்ல. படி."

நாங்கள் சிரித்தோம். அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்றே நினைத்தோம்.

வினை அதற்கடுத்த அத்தியாயத்தில் வந்தது. அந்தக் கிரகத்துப் பெண்கள் குழாய், மின்சாரம், கூரை எல்லாவற்றையும் தாங்களே பழுது பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அதைக் கேட்ட வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுக்கு எதுக்கு வேற கிரகம்? ஒரு வாஷர் மாத்தத் தெரியாதா நமக்கு?" என்றாள். எல்லோரும் சேர்ந்து ஒரு கருவிப் பெட்டி வாங்கினோம். நர்ஸ் குழாய்களை எடுத்துக்கொண்டாள். வக்கீல் சட்டப் புத்தகத்தைப் படிப்பது மாதிரி மின்விசிறிப் புத்தகத்தைப் படித்தாள். கழிவறைத் தொட்டியின் மிதவை உடைந்தபோது பல் செட் ஈறு செய்யும் பிசினைக் கொண்டுவந்து நான் ஒட்டினேன். எங்கள் மாடியில் அந்த மிதவை இன்னும் ஈறு நிறத்தில்தான் இருக்கிறது, ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. கிரகத்துக்கு எந்த வேலையும் வரவில்லை, அவள் விளக்குப் பிடித்தாள்.

எங்களுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பிளம்பரைக் கூப்பிடுவதே நின்றுபோனது. மணிச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஓனரம்மா நினைத்துப் பார்த்தார். அடுத்த தெருவில் இருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, யாரையும் திட்ட மாட்டார். ஆனால் எல்லா அறைக்கும் மறுசாவி வைத்திருந்தார், அதைச் சும்மா வைத்திருக்கவும் மாட்டார். யாராவது அறைக்குள் ஹீட்டர் வைத்திருக்கிறார்களா, சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று எந்த நேரமும் வந்து பார்ப்பார். இரவு டூட்டி முடித்துத் தாழ்ப்பாள் போட மறந்து தூங்கிக்கொண்டிருந்த நர்ஸின் அறையில் நுழைந்து ஜன்னல் திரையை விலக்கி, "பகல்ல என்னம்மா தூக்கம்?" என்று கேட்டவர் அவர். என் அலமாரியைத் திறந்து, பரிசோதனைக்காக வைத்திருந்த பல் செட் அவரைப் பார்த்துச் சிரித்ததில் ஒருமுறை பயந்தும் போயிருக்கிறார்.

அவர் படிக்கு அடியில் வந்து நின்று, "மணி, இப்பல்லாம் ஆள் யாரும் வர்றதில்லையே" என்றார்.

"இல்லம்மா. பொண்ணுங்களே பார்த்துக்கறாங்க."

"நல்லதாப் போச்சு. இந்த இடத்துல காஸ் சிலிண்டரை வெச்சிரலாம்னு பார்க்கறேன். உனக்குத்தான் அண்ணன் வீடு இருக்குல்ல? மாசக் கடைசி வரைக்கும் இரு, அவசரமில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

இது எங்களுக்குத் தெரியாது. மணியக்கா யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், திடீரென்று விடுதியில் ஆண்கள் நடமாட்டம் அதிகமாகிவிட்டது என்பதுதான். ஒரு காலையில் மணி கேட்டது. கதவைச் சாத்தினோம். பிளம்பர் வந்து என் ஈறு நிற மிதவையைக் குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்குக்கா கூப்ட்ட?"

"நல்லா இருக்கான்னு பார்க்கத்தான்."

"இது யாரு பண்ணது?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? கொண்டையைப் பாரு."

அவருக்குக் கீழே டீ கொடுத்து அனுப்பினாள். மறுநாள் எலக்ட்ரீஷியன் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துவிட்டு டீ குடித்தார். அதன் பிறகு, வாசலோடு வேலை முடிந்துபோகிற தண்ணீர் மீட்டர்க்காரரை மூன்றாம் மாடி வரை ஏற்றி இறக்கினாள். "மீட்டர் கீழ இருக்குல்லக்கா?" என்று அவர் பாவமாகக் கேட்டது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. ஆண்களைத் தடுப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவள் ஆண்களைக் கெஞ்சிக் கூட்டிவந்துகொண்டிருந்தாள்.

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் மணி அடிக்கிறதாம். படியிலேயே நிறுத்தி, "என்னக்கா இது, ஊர்ல இருக்கற ஆம்பளை எல்லாம் நம்ம வீட்லதான் இருக்காங்க" என்று கேட்டுவிட்டாள். நானும் கிரகமும் கூட இருந்தோம்.

மணியக்கா எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "ஆள் வந்தாத்தான் மணி. மணி இருந்தாத்தான் நான். ஓனரம்மா மாசக் கடைசியில போகச் சொல்லிட்டாங்க."

எங்கே போவீர்கள் என்று நான் கேட்டது தப்பு. பதில் எனக்கே தெரியும்.

"அண்ணன் வீட்டுக்குத்தான். வேற எங்க?" என்றாள். அதுவரை சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்புறம் குரல் மாறியது. "அந்த நடையில மறுபடி படுக்க என்னால முடியாதும்மா. என்னைத் தாண்டித் தாண்டிப் போவாங்க. நான் ஒரு தாழ்ப்பாளுக்குள்ள தூங்கிப் பழகிட்டேன்."

அவளை நாங்கள் துரத்தவில்லை. நாங்கள் ஒரு கருவிப் பெட்டி வாங்கினோம், அவ்வளவுதான். பெண்கள் மட்டுமே உள்ள உலகத்தைக் கட்டப் புறப்பட்டு, அதிலிருந்து முதலில் ஒரு பெண்ணைத்தான் வெளியே அனுப்பியிருந்தோம்.

எனக்குக் கிரகத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவள்தானே எழுதினாள். அறைக்கு வந்து நன்றாகக் கேட்டேன். "ஒரு கிரகத்தையே கட்டுற, அதுல படிக்கு அடியில ஒரு ரூம் இல்லையா உனக்கு?" அவள் அழுதாள். எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை, ஆனால் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு அவள் எதுவும் எழுதிவரவில்லை. தொட்டி நிழலில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள், துணிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. ஓனரம்மாவிடம் போய்ப் பேசலாம் என்றாள் நர்ஸ். என்னவென்று பேசுவது என்றாள் வக்கீல். குழாய்களை மறுபடி உடைத்துவிடலாம் என்று நான் சொன்னதை யாரும் மதிக்கவில்லை. கிரகம் தலையைக் குனிந்துகொண்டு, "கடைசி அத்தியாயம் வரமாட்டேங்குது. உங்களை எங்க வெக்கறதுன்னே தெரியலக்கா" என்றாள்.

"நான் ஒண்ணு கேக்கவா?" என்றாள் மணியக்கா. "உன் ஊர்ல பொம்பளைங்க மட்டும்தான். சரி. ஒருத்தி ரூமுக்குள்ள இன்னொருத்தி கேக்காம நுழைவாளா, மாட்டாளா?"

"அவங்கல்லாம் அக்கா தங்கச்சி மாதிரிக்கா."

"அக்கா தங்கச்சிதான் கேக்காம நுழைவாங்க."

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். என் புதுச் சட்டை எதையும் முதலில் நான் போட்டதில்லை.

"நடையில என்னைத் தாண்டிப் போனவங்க எல்லாருமே ஆம்பளையா?" என்றாள் மணியக்கா. "அண்ணிதான் அதிகம் தாண்டுவாங்க. தண்ணி நிறையக் குடிப்பாங்க. நான் ஆம்பளை வர்றான்னு மட்டும் மணி அடிக்கல. உள்ள ஒருத்தி இருக்கா, அவளுக்குத் தெரியாம யாரும் வரக் கூடாதுன்னுதான் அடிக்கறேன். உங்க ஊர்ல அது வேண்டாமா?"

நர்ஸ் மெதுவாக, "திரையை விலக்கினாங்களே அன்னிக்கு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்து மணியக்கா பக்கம் திரும்பினாள். "இஸ்திரிப் பெட்டி எடுக்க நாங்களும் உங்க ரூமுக்கு அப்படித்தானே வர்றோம்?"

"ஆமா" என்றாள் மணியக்கா.

சமாதானமாக ஏதாவது சேர்த்துச் சொல்வாள் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. அன்று மாலையே வக்கீல் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோய் முதல் மாடி வராந்தாவில் மேசை போட்டு வைத்தாள்.

கிரகத்துக்குக் கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. அந்த உலகத்தில் எல்லாக் கதவுக்கும் வெளியில் ஒரு மணி தொங்கியது. அரசியாக இருந்தாலும், அக்காவாக இருந்தாலும், விருந்தாளியாக இருந்தாலும் அடித்துவிட்டு நிற்க வேண்டும், உள்ளிருந்து குரல் வந்தால்தான் நுழையலாம். வீடு வீடாகப் போய் அந்த மணிகளை மாட்டிக் கொடுத்து, அவை சரியாக அடிக்கின்றனவா என்று பார்ப்பவள் ஒருத்தி. பெரிய கொண்டை. மணியக்கா முழுக்கக் கேட்டாள். "இப்பத்தான் அது மனுஷங்க இருக்கற ஊரு மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "ஆணி நல்லதா வாங்கச் சொல்லு" என்றாள்.

மாசக் கடைசியில் ஓனரம்மா வந்தார். கைப்பையில் அளவு நாடா இருந்தது, சிலிண்டர் நிற்குமா என்று படிக்கு அடியில் அளப்பதற்காக. வந்தது வந்தோம், அறைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று முதலில் மேலே புறப்பட்டார். முதல் படியில் கால் வைத்தபோது மணியக்கா அறையிலிருந்து வந்தாள். கொண்டையை அவிழ்த்தாள், இறுக்கிக் கட்டினாள், ஓனரம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள், மணியை ஆட்டினாள்.

"ஆள் வருது, ஆள் வருது."

"யாரு வர்றா?" என்று ஓனரம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நீங்கதாம்மா."

மேலே வரிசையாகக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. சாவிகள் ஓனரம்மாவிடம் இருந்தன, தாழ்ப்பாள்கள் எங்களிடம் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அவர் மணியைத் தாண்டிப் போகவில்லை. மணிக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி, அது காலில் ஊறியிருந்தது. மணியக்கா நின்றபோது நின்றார், நடந்தபோது நடந்தார். கொண்டையைப் பார்த்தபடி முதல் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே வக்கீல் மட்டும் கதவுக்கு வெளியில் நின்றிருந்தாள். "நாங்க எல்லாரும் பேசிட்டோம்மா. இனிமே மேல யார் வந்தாலும் மணி."

"யார் வந்தாலும்னா?"

"யார் வந்தாலும்."

"நான் என்ன ஆம்பளையா? இது என் கட்டடம்மா!"

"கட்டடம் உங்களுது. ரூம் நாங்க வாடகைக்கு எடுத்தது. மணி அடிச்சு, நாங்க சரின்னா தாராளமா வாங்க, ஹீட்டர் இருக்கான்னு பாருங்க. ஒத்துக்கலைன்னா சொல்லிடுங்க, எல்லாரும் வேற இடம் பார்த்துக்கறோம். மணி அடிக்க ஆள் வேணும், அதனால மணியக்காவும் இருக்கணும்."

ஓனரம்மா சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலி அறைகள் அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். "அடிச்சுக்கோங்க, எனக்கென்ன" என்றார். ஆனால் தோற்றுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. "மேலதானே மணி? கீழ அந்த இடம் எனக்கு வேணும். சிலிண்டர்க்காரன் வர்றான். மணி இங்க வேலை பார்க்கட்டும், ராத்திரி அண்ணன் வீட்டுல தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வக்கீலின் வாடகை வாதம் கீழே செல்லாது. அந்த அறைக்கு யாரும் வாடகை கொடுக்கவில்லையே. கதவுகள் திறந்து நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். மணியக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓனரம்மாவுக்கு முன்னால் இறங்கிப் போனாள். கடைசிப் படிகளை ஓட்டமாக இறங்கினாள். அவள் ஓடி நான் பார்த்தது அப்போதுதான்.

அவள் அறை வாசலில் ஒரு புது ஆணி அடித்திருந்தது. மணியை அதில் மாட்டினாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பகலில் அந்தத் தாழ்ப்பாள் விழுந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஓனரம்மா அளவு நாடாவோடு வந்து நின்றார். "மணி, கதவைத் திற."

"மணி வெளியில தொங்குதும்மா."

"என்ன விளையாட்டு இது? நீ என்ன வாடகை குடுக்கறியா இந்த ரூமுக்கு?"

நாங்கள் படியில் வரிசையாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிரகம் என் கையைப் பிடித்திருந்தாள், வலித்தது.

"இல்லம்மா" என்றது உள்ளிருந்து குரல். "நான் இருக்கற ரூம்."

ஓனரம்மா அண்ணாந்து எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். யாரும் ஒன்றும் செய்யவில்லை, யாரும் அங்கிருந்து போகவும் இல்லை. சிலிண்டர்கள் இன்று ஓனரம்மா வீட்டுக் கார் ஷெட்டில் இருக்கின்றன. எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், கேஸ் போட்டீர்களா, போராட்டம் செய்தீர்களா என்று மற்ற விடுதிப் பெண்கள் எங்களைக் கேட்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். அவர் நாடாவைக் கைப்பைக்குள் போட்டார். கையைத் தூக்கினார். ஆணியில் தொங்கிய மணியை ஒற்றை விரலால் தட்டினார், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி. கிணுக்கென்று ஒரு சத்தம் வந்தது.

"கேக்கலம்மா. கொஞ்சம் பலமா அடிங்க."

ஓனரம்மா மணியைக் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டினார். நன்றாகவே அடித்தார். மேலே எங்கேயோ, விஷயம் தெரியாத யாரோ ஒருத்தி, பழக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு பாதி திறந்தது.

"வாங்கம்மா" என்றாள் மணியக்கா. "தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."